மதுரைக்குப் போய்த் தூங்குன செம்பகம்

படுத்துக்கிட்டியா? தலையணைய இந்தப் பக்கம் தள்ளு. ஆங். நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு நானும் நிறுத்திருவேன். எனக்கும் அசதியாத்தான் இருக்கு.

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. ஊரு கோவில்பட்டி. அவ பேரு செண்பகவல்லி, கூப்பிடுறதுக்குச் செம்பகம். புருசன் லாரி ஓட்டப் போயிருவான். மாசத்துல ரெண்டு நாள்தான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவான். மிச்ச நாளெல்லாம் அவளும் அவ மாமியாரும்தான். அந்த மாமியார் ஒருநாள் குளிக்கிற இடத்துல வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்து, இடுப்பு போயிருச்சு. அன்னைக்குப் படுத்தவங்கதான். ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல தங்கம், பதினோரு வருசம்.

ம் சொல்லு.

படுத்தே கிடக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா முதுகெல்லாம் புண்ணாயிரும். அதனால செம்பகம் பகல்லயும் சரி, ராத்திரியிலயும் சரி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல தூங்குனதே கிடையாது. துணி அலசிக்கிட்டே தூங்குவா. அரிசி களையும்போது தூங்குவா. தெருக்குழாய்ல குடம் நிறைஞ்சு தண்ணி கொடகொடன்னு வழியும், இவ நின்ன வாக்குல கண்ணை மூடிக்கிட்டு நிப்பா. பின்னால நிக்கிறவ "ஏளா செம்பகம்!"னு தட்டுனாத்தான் முழிப்பா.

அப்புறம் ஒருநாள் என்ன ஆச்சுன்னா, மாமியாருக்கு மாத்திரை குடுக்கணும்னு கையில எடுத்தா. குடுத்துட்டோமா, குடுக்கலையா? யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, ஞாபகமே வரலை. சரி, குடுக்கலை போலன்னு குடுத்துட்டா. அப்புறம் அட்டையைப் பாத்தா, ஒண்ணு கூடுதலாக் கிழிஞ்சிருக்கு. அன்னைக்குப் பூரா அந்த மாமியார் கண்ணே திறக்கல. "அத்தை... அத்தை..."ன்னு உலுக்கிக்கிட்டே உக்காந்திருந்தா. சாயங்காலமாத்தான் "தண்ணி"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு.

அப்போதான் அவளுக்குப் பயம் வந்துச்சு. இப்படியே போனா நம்ம கையாலயே இந்த மனுசியக் கொன்னுருவோம்னு.

அந்த மாமியாருக்கு ஒரே ஒரு மக. வேலுத்தாய்னு பேரு. மதுரையில கட்டிக் குடுத்திருந்தாங்க. தீபாவளிக்குத் தீபாவளி வருவா. வந்தா அம்மா குளிச்சு, பவுடர் பூசி, வெள்ளை விரிப்புல படுத்திருப்பாங்க. "எப்படி இருக்கீங்க மதினி?"ன்னு கேப்பா. "எனக்கென்ன, நல்லாருக்கேன்"பா செம்பகம். அவளும் நம்பிட்டுப் போயிருவா. செம்பகத்துக்கு எல்லாம் தெரியும், தனக்கு முடியலைன்னு சொல்ல மட்டும் தெரியாது. மூணு தரம் போன் போட்டா. மூணு தரமும், "என்ன மதினி?"ன்னு அவ கேட்டதும், "சும்மாதான் கூப்பிட்டேன்"னு வச்சிட்டா.

அப்போ மகளிர் குழுவுல ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. எல்லாரும் சேந்து ரயில்ல மதுரைக்குப் போயி, கோயில் பாத்து, மகால் பாத்து, மியூசியம் பாத்து, சாயங்கால ரயிலுக்குத் திரும்பிரணும். கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு கைடு. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா சொன்னா, "நீ போய்ட்டு வா செம்பகம். எட்டு மணி வரைக்கும் அம்மாவ நான் பாத்துக்கிடுறேன். எட்டு மணிக்கு எனக்கு ஜெபக்கூட்டம் இருக்கு, அதுக்குள்ள வந்துரு." செம்பகம் சரின்னுட்டா. கோயில் பாக்க இல்ல தங்கம். இந்தத் தரம் நேர்லயே போயி நாத்தனார்கிட்ட சொல்லிரணும்னு. விலாசம் எழுதுன காலண்டர் தாளை முந்தியில முடிஞ்சுக்கிட்டா.

ம்? ம்.

விடியக்காலம் ஸ்டேஷன்ல கைடு நிக்கிறாரு. நவநீதன்னு பேரு. ஒல்லியான ஆளு, தொண்டை கட்டிக் கரகரன்னு இருக்கு. குடைக் கம்புல செவப்புத் துணியக் கட்டித் தூக்கிப் பிடிச்சிருக்காரு. முப்பது பொம்பளைங்களுக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சுத் தொப்பி குடுத்தாரு. கொண்டையும் மல்லிப்பூவும் வச்சு, அதுக்கு மேல தொப்பி! சிரிக்காத, கேளு. ரயிலு கூன்னு கூவிக் கிளம்புச்சு. தடக் தடக், தடக் தடக். எல்லாரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. செம்பகம் ஜன்னல் கம்பியில நெத்திய வச்சா, அவ்வளவுதான். கைடு வந்து "அம்மா, மதுரை, மதுரை"ன்னு தட்டித்தான் எழுப்புனாரு.

இறங்குனதும் முதல்ல அவர்கிட்டயே நேராப் போனா. "அய்யா, என் நாத்தனார் வீடு வில்லாபுரத்துல இருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டுமா?"

"அய்யய்யோ! அதெல்லாம் கூடவே கூடாதும்மா. போன மாசம் ஒரு அம்மா இப்படித்தான் அக்கா வீட்டுக்குன்னு போயி ரயில விட்டுருச்சு. இன்னொரு தரம் ஆள விட்டுட்டு வந்தா உனக்கு வேலை இல்லைன்னுட்டாரு எங்க முதலாளி. வாங்க, வாங்க, கொடியப் பாத்து வாங்க!"

என்ன செய்ய? பின்னாலயே நடந்தா.

அப்புறம் கோயிலு. என்னா கூட்டம்ங்கிற! வரிசை நகருது, நிக்குது, நகருது, நிக்குது. செம்பகம் தூண்ல சாஞ்சு தூங்குறா, பின்னாடி உள்ளவ தள்ளுனா ரெண்டு அடி நடக்குறா, மறுபடி தூங்குறா. மீனாட்சிக்கு முன்னால வந்தப்போ மட்டும் டக்குனு முழிப்பு. பச்சைப் பட்டு, மூக்குத்தி. கையெடுத்துக் கும்பிட்டா. "தாயே, எனக்கு வாயக் குடு." அதுக்கு மேல வேண்டுறதுக்குள்ள கூட்டம் வெளிய கொண்டாந்து தள்ளிருச்சு.

எல்லாரும் பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்தாங்க. இதுதான் சமயம்னு நைசா எந்திரிச்சா. ஒரு கோபுர வாசலப் பாத்து விறுவிறுன்னு நடந்தா. நடந்தா, நடந்தா, இந்தப் பக்கம் திரும்புனா ஒரு மண்டபம், அந்தப் பக்கம் திரும்புனா இன்னொரு மண்டபம். கால்ல கல்லுச் சூடு சுரீர் சுரீர்ங்குது. எல்லாக் கோபுரமும் அவ கண்ணுக்கு ஒண்ணு போலயே இருக்கு. கடைசியில ஒரு வாசலைக் கண்டுபிடிச்சு வெளிய வந்தா, எதுக்க யாரு? ஆரஞ்சுத் தொப்பியெல்லாம் வரிசையா நிக்கிது! கைடு தலைய எண்ணிக்கிட்டு இருக்காரு. "ஆ, இந்தா வந்துட்டாங்க. சரியா வந்து சேந்தீங்கம்மா!"ங்கிறாரு. அவளுக்கு அழுகையே வந்திருச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அடுத்தது, நாயக்கர் மகாலு. அங்க தூணு எப்படிங்கிற? மூணு பேரு கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. செம்பகம் தொப்பியக் கழத்திப் பைக்குள்ள திணிச்சா. ஒரு தூணுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நின்னா. "எல்லாரும் வந்தாச்சா? வாங்க, மியூசியத்துக்கு நேரமாச்சு!" கைடு குரல் கேக்குது. செருப்புச் சத்தம் டப டப டபன்னு போகுது. தேஞ்சு தேஞ்சு நின்னுருச்சு. அப்போ அந்தப் பெரிய மண்டபத்துல புறா மட்டும்தான். குர்ர்... குர்ர்...

வெளிய வந்தா. ஆட்டோக்காரர்கிட்ட காலண்டர் தாளக் காட்டுனா. அவரு வில்லாபுரத்துல ஒரு மாடி வீட்டு வாசல்ல கொண்டு போயி விட்டாரு. படியேறுனா. ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறா. "வேலுத்தாய், எனக்கு முடியலை. வேலுத்தாய், எனக்கு முடியலை." கதவத் தட்டுனா. டொக் டொக்.

வேலுத்தாய் கழுத்துல இஞ்ச் டேப்போட வந்து நிக்கிறா. அவ ஜாக்கெட் தைக்கிறவ. முகம் வெளிறிப் போச்சு. "மதினி! அம்மாவுக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்ல. அத்தை நல்லாருக்காங்க."

"நீங்க?"

"நானும் நல்லாருக்கேன்." பாத்தியா, மறுபடியும் அதுதான் வாயில வருது.

"முதல்ல உக்காருங்க மதினி. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. மோரு கரைச்சுத் தாரேன்."

உள்ள போயி சலக் சலக்குனு மோரக் கரைச்சு, பெருங்காயம் போட்டு, டம்ளர்ல ஊத்திக் கொண்டாந்தா. பாத்தா, செம்பகம் நாற்காலியில உக்காந்தபடி, தையல் மிஷின்ல தலைய சாச்சுக்கிட்டு, வாயத் திறந்து தூங்குறா. கொர்ர்ர்... கொர்ர்ர்...

இதுக்கப்புறம் நடந்தது செம்பகத்துக்குத் தெரியாது. வேலுத்தாய் பின்னால சொல்லித்தான் தெரியும். எழுப்ப மனசு வராம, மெல்லத் தாங்கிக் கீழ பாயில படுக்க வச்சாளாம். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தா. அப்புறம் தூக்கத்துலயே கையத் தூக்கி, யாரையோ புரட்டுற மாதிரி காத்துல தள்ளுனாளாம். "இந்தா வந்துட்டேன் அத்தை. இந்தப் பக்கம் திரும்புங்க." கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "வந்துட்டேன் அத்தை." மூணாவது தரம், கண்ணு மூடியிருக்கப்பவே முழங்கைய ஊனி எந்திரிக்கப் பாத்தாளாம். வேலுத்தாய் தோளப் பிடிச்சு, "அம்மா தூங்குறாங்க மதினி, நீங்க தூங்குங்க"ன்னாளாம். அப்பத்தான் மறுபடி படுத்தா. வேலுத்தாய் பக்கத்துலயே தரையில உக்காந்து, அந்தக் கையப் பாத்தா. டெட்டாலும் சோப்பும் தின்னு, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. பதினோரு தீபாவளி வந்து போனா, அந்தக் கையால பலகாரம் வாங்கித் தின்னா, ஒரு தரம் கூட அதைப் பாக்கலை. சத்தமில்லாம அழுதாளாம்.

செம்பகம் முழிச்சப்போ மணி நாலு. "அய்யோ ரயிலு!"ன்னு எந்திரிச்சா. அப்புறம் ஞாபகம் வந்து, "வேலுத்தாய், நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்..."

"சொல்லிட்டீங்க மதினி."

"எப்போ?"

"தூங்கும்போது."

பாத்தா, வாசல்ல ஒரு பை கட்டி வச்சிருக்கு. வேலுத்தாய் வேற சேலை மாத்தியிருக்கா. "உங்க கூட நானும் வாரேன். பிள்ளைங்களை அவரு பாத்துக்கிடுவாரு, சொல்லிட்டேன். முதல்ல முகம் சுளிச்சாரு. அப்புறம் உள்ள வந்து நீங்க கிடந்த கிடையப் பாத்துட்டு, போயிட்டு வான்னுட்டாரு. ஒரு மாசம் அங்க இருப்பேன். அண்ணன் வந்ததும் உக்காந்து பேசுவோம். மழைக்காலம் கழிஞ்சா அம்மாவ ஆறு மாசம் இங்க வச்சுக்கிடுறேன்."

செம்பகம் டம்ளர்ல இருந்த மோர எடுத்து மடக் மடக்குனு குடிச்சா.

ஸ்டேஷனுக்கு ஓடுனா, கைடு நவநீதன் வாசல்லயே நிக்கிறாரு. சட்டையெல்லாம் வேர்வை. தொண்டை சுத்தமாப் போயிருச்சு, காத்துதான் வருது. அவளக் கண்டதும் அப்படியே தரையில தொப்புனு உக்காந்துட்டாரு. "ஊரெல்லாம் தேடுனேன்மா..." மத்த பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? "உன்னாலதான் மியூசியம் பாக்கலை! மகால் வாசல்லயே மூணு மணி நேரம் நின்னோம்!" செம்பகம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. "தப்புதான். எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க"ன்னா. கைடுக்குத் தண்ணி பாட்டில நீட்டுனா. அவரு குடிச்சிட்டு, ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, குடைக் கம்பத் தூக்கி, எல்லாரையும் ரயில்ல ஏத்துனாரு.

தடக் தடக்... தடக் தடக்... வரும்போது பெட்டி பூராத் தூங்குது. கைடும் தூங்குறாரு. செம்பகம் மட்டும் முழிச்சிருக்கா. பருத்திக்காடு மேல சூரியன் இறங்குறத ரொம்ப வருசத்துக்கு அப்புறம் பாத்தா.

ம்... சின்னதா ஒரு "ம்" போடு. முடியப் போகுது.

எட்டு மணிக்கு முன்னாலயே வீடு வந்துட்டாங்க. எஸ்தர் அக்கா பைபிளைக் கையில எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. செம்பகம் கை கால் கழுவிட்டு, பழக்கத்துல கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தா. வேலுத்தாய் அதை வாங்கிக்கிட்டா. "நீங்க போய்ப் படுங்க மதினி."

செம்பகம் பின்கட்டுல பாய விரிச்சுப் படுத்தா. படுத்தாளே தவிர, காது அத்தை பக்கமே இருக்கு. மாமியாருக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியாது. பக்கத்துல ஆள் வந்த அரவம் கேட்டதும், "செம்பகம், வந்துட்டியா?"ன்னாங்க.

வேலுத்தாய் கையில கரண்டி கிணுங்குற சத்தம் நின்னு போச்சு. பெத்த அம்மா இல்லையா? அவ பேர அவங்க சொல்லலையே.

செம்பகத்துக்கு உடம்பு தானா எந்திரிக்கப் பாத்துச்சு. ஒரு கைய ஊனிட்டா.

அப்போ உள்ள இருந்து வேலுத்தாய் குரலு மெதுவாக் கேட்டுச்சு. "ம், செம்பகந்தான் வந்திருக்கேன். வாயத் திறங்க அத்தை."

ஊனுன கைய எடுத்துட்டா. அப்படியே பாயில சாஞ்சா. தலைக்கு ஒண்ணும் வைக்கலை, போர்த்திக்கவும் இல்ல. விடிஞ்சு, வெயில் வந்து, பால்காரர் மணியடிச்சுட்டுப் போற வரைக்கும் அவ புரண்டு கூடப் படுக்கலை.

அவ்வளவுதான் தங்கம். கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ண மூடு.