மங்களா டொக்டரின் இடது கை

தொண்டு செய்யப் போகிறேன் என்று சொல்லித்தான் லண்டனில் இருந்து இந்த மலைக்கு வந்தேன். பொய். வந்தது ஒரு சிபாரிசுக் கடிதத்துக்கு. மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் இன்று ஐந்து மணியோடு முடிகிறது.

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று கிழமை நின்றேன். மங்களா டொக்டர் எல்லாம் காட்டித் தந்தார். ஊசிக்கு மட்டும், "பார், தொடாதை" என்றிருந்தார்.

"டொக்டர், கடிதம்?"

"என்னெண்டு எழுத?"

"தனிய ரத்தம் எடுத்தனான் எண்டு. நேற்று நீங்கள் கூட்டத்துக்குப் போன நேரம். படமும் இருக்கு."

போனை நீட்டினேன். வெள்ளைக் கோட்டோடு நான் சிரிக்கிறேன். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவரான ராமாயியின், ஊசி குத்திய கை மட்டும் படத்தில் விழுந்திருந்தது.

"எத்தனை குத்து?"

"நாலு."

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"'பரவால்ல, குத்துங்க டொக்டரம்மா' எண்டவ."

"டொக்டரம்மாவோ? அதுக்கு நீ என்ன சொன்னனீ?"

போனைப் பைக்குள் வைத்தேன். நேற்று நான் அவரைத் திருத்தவில்லை.

டொக்டர் கதவைச் சாத்தினார். இடது கைச் சட்டையைச் சுருட்டினார். ரப்பர் பட்டியைக் கட்டி, கையை மேசையில் வைத்தார். ஊசியை என் பக்கம் தள்ளினார்.

"எடு. எடுத்தால் எழுதித் தாறன்."

மணி நாலேகால். நரம்பு பச்சையாகப் புடைத்து நின்றது. ராமாயியின் கையில் இவ்வளவு தெரியவில்லை. ஆனாலும் ஊசியின் மூடியைக்கூட என்னால் கழற்ற முடியவில்லை.

"என்ன யோசினை?"

"பிழைச்சால்?"

"நேற்று மூண்டு தரம் பிழைச்சதுதானே."

"எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லை டொக்டர். ஏலாது."

ஊசியை வைத்தேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"அப்ப கடிதம் இல்லை, என்ன? எனக்கு ஒரு வருசம் போகுது!"

டொக்டர் பட்டியை அவிழ்த்தார். கதவைத் திறந்தார். வெளியே வாங்குப் பலகையில் ராமாயி இருந்தார். முழங்கை கறுத்து வீங்கியிருந்தது. இன்று கொழுந்துக்குப் போகவில்லையாம். என்னைக் கண்டதும் எழும்பி, மற்றக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"இப்ப 'ஒருத்தரும் பழக்கேல்லை' எண்டு எனக்குச் சொன்னதைப் போய் அவவுக்குச் சொல்லிப்போட்டு வா," என்றார் டொக்டர். "அப்பத்தான் எனக்கு எழுத ஒரு வரியாவது கிடைக்கும்."