ஓடுறதை நிறுத்து

பணகுடிக்குத் தெற்கே சூறைக்குளம் என்று ஓர் ஊர். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, புத்திக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. இருந்த புத்தியும் ஆடிக் காற்றோடு போய்விட்டது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், எனக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஊர்க் காற்றாலைக்கு மூன்று காவலாளிகள்: பெரியவர் தளவாய், நெட்டையன் நயினார், அப்புறம் சங்குமணி. ஒரு நாள் இன்ஜினியர் செல்வின் போன் பண்ணினார்.

“வெள்ளிக்கிழமை வாரேன். காத்தாடி இறக்கை திடீர்னு உடைஞ்சா என்ன செய்வீங்கன்னு ஒத்திகை காட்டணும். உடைஞ்ச உடனே ஓடுறதை நிறுத்தணும், அதுதான் முக்கியம். சொதப்புனா மூணு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்.”

காத்தாடி ஓடுவதைத்தான் அவர் சொன்னார். ஆனால் எது ஓடுவது என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

சீட்டுக் கிழிந்தால் வேலை போய்விடுமே என்று மூவரும் மதிலோரம் கூடினார்கள். உட்கார்ந்து யோசித்தார்கள்.

“நயினாரு, நீதான் நெட்டை. நீ இறக்கை. திடீர்னு விழணும்” என்றார் தளவாய்.

“எப்ப விழணும் அண்ணாச்சி?”

“எப்பன்னு தெரிஞ்சா அது என்னவே திடீரு?”

“எனக்கே தெரியாம நான் எப்பிடி விழுவேன்?”

நியாயமான கேள்வி. பானைத் தண்ணீர் தீரும்வரை யோசித்தார்கள். கடைசியில் சங்குமணிதான் சொன்னான்: “மதில்மேல படுத்துத் தூங்கட்டும். புரண்டா விழுவான். அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.”

நயினார் மதில்மேல் ஏறிப் படுத்தான். மற்ற இருவரும் கீழே தயாராக நின்றார்கள், அவனைப் பிடிக்க அல்ல, ஓடுறதை நிறுத்த. மத்தியானம் தொப்பென்று விழுந்தான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின. ஒன்று விடாமல் மறித்துக் கட்டிப்போட்டார்கள். ஆட்டுக்காரி பேச்சி வந்து வைத வசவை இங்கே எழுத முடியாது.

மறுபடி விழுந்தபோது ரோட்டில் மினிபஸ் ஓடியது. குறுக்கே படுத்து நிறுத்தினார்கள்.

அதற்கடுத்து விழுந்தபோது எதுவுமே ஓடவில்லை. தளவாய்க்குக் கவலை வந்துவிட்டது. சங்குமணியோடு நேரே டீக்கடைக்குப் போய், “கடை எப்பிடி ஓடுது?” என்று கேட்டார்.

“சாமி புண்ணியத்துல நல்லா ஓடுது அண்ணாச்சி” என்றார் கடைக்காரர், பாவம். ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார்கள்.

“அண்ணாச்சி, என் வாட்சும் ஓடுதே!” என்று சங்குமணி பதறினான். அதைக் கல்லால் அடித்து நிறுத்தினார்கள்.

நயினாருக்கு இடுப்பு வீங்கிவிட்டது. “இறக்கைன்னா சும்மாவாவே?” என்று தேற்றினார் தளவாய்.

வெள்ளிக்கிழமை செல்வின் வந்தார். ஜீப்பை விட்டுக் காத்தாடி அடிக்கு நடந்து வந்து, “ஆரம்பிங்க” என்று வாயெடுப்பதற்குள் தலைக்கு மேலே படீரென்று ஒரு சத்தம். நிஜ இறக்கையே முறிந்துவிட்டது. அலறியடித்து ஜீப்பைப் பார்த்து ஓடினார்.

“சார் ஓடுதாரு! நிறுத்து!”

மூவரும் பாய்ந்து அவரை அமுக்கினார்கள். முறிந்த இறக்கை ஜீப்மேல் விழுந்து அதை அப்பளமாக நொறுக்கியது.

செல்வின் மெல்லக் கண்ணைத் திறந்தார். மேலே மிச்சமிருந்த இரண்டு இறக்கைகளும் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன.

“யோவ், அதை ஏன்யா நிறுத்தல?”

தளவாய் அண்ணாந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“அது ஓடலியே சார். சுத்துதுல்லா.”

“சரிய்யா, சரி! ஒத்திகையில நீங்க பாஸ்! மூணு பேருக்கும் வேலை நிச்சயம்! ஆளை விடுங்க!”

விட்டார்கள். செல்வின் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து ஓடினார்.

வேலை நிச்சயமான அன்றைக்கே அசட்டையாக இருக்கலாமா? மூவரும் துரத்திப் பிடித்து, அலுங்காமல் தூக்கி வந்து, எந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தாரோ அதே இடத்தில், காத்தாடிக்கு நேர் கீழே, பத்திரமாக நிறுத்தினார்கள்.