முகில்மலையில் பொங்காத மாவு

முகில்மலையில் தேனம்மை என்றொரு கரடி இருந்தாள். சமையலில் அவளை அடித்துக்கொள்ள அந்த மலையில் ஆள் கிடையாது. புதுத் தினையை வறுத்து, இடித்து, மலைத்தேன் விட்டுப் பிசைந்து, தேக்கிலையில் உருட்டி வைத்தாள் என்றால், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மான்கூட எழுந்து உட்கார்ந்து சாப்பிடும். இவ்வளவு கைப்பக்குவம் இருந்து என்ன பயன்? அவள் கண் மட்டும் எப்போதும் அடுத்த வீட்டு அடுப்பிலேயே இருக்கும்!

ஆவணி மாதத்தில் அவள் மலையடிவாரத்தைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். ஆற்றங்கரைக்கு நாட்டாமை மருதப்பன் என்ற நீர்நாய். அவருடைய மகளுக்குத்தான் கல்யாணம். பந்தியில் ஆப்பம் போட்டார்கள். ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. மேலே தேங்காய்ப்பால்! தேனம்மை விரலை நக்கினாள். அப்புறம் முழங்கை வரை நக்கினாள்.

"இதுவல்லவா சாப்பாடு! நாமும் தின்கிறோமே, எப்போ பார்த்தாலும் தினைமாவு, தினைமாவு!" என்று தனக்குத்தானே நொந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது ஒரு மூட்டை அரிசியும் ஒரு மண் ஆப்பச்சட்டியும் வாங்கி வந்தாள். மூட்டையைச் சுமந்தது தவ்வுராயன் என்ற குரங்கு. "மலையில தினைக்கா பஞ்சம்?" என்று அது வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை. தேனம்மை காதில் எதுவும் ஏறவில்லை.

அந்த வருஷம் மலைக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. கோடை வந்தால் முகில்மலையில் சுனைகள் வற்றிவிடும். யானைகள் குட்டிகளோடு கீழே இறங்கி ஆற்றில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். போன கோடையில் அப்படி இறங்கியபோது, வழி தெரியாமல் நாற்றங்காலையும் வாழைத்தோப்பையும் மிதித்துத் துவைத்துவிட்டன. மருதப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இனி ஒரு யானையும் இந்தப் பக்கம் வரக் கூடாது! பேச வேண்டியது இருந்தால், தையில் அறுப்பு முடிந்ததும் நாங்களே மேலே வருகிறோம்" என்று ஒரு கொக்கிடம் சொல்லி அனுப்பினார்.

யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாச்சி. அவள் தேனம்மையைக் கூப்பிட்டாள்.

"தேனம்மை, அவங்க மாட்டேன்னு சொல்லிட்டா சித்திரையில என் குட்டிங்க நாக்கு வறண்டு செத்துப்போகும். அவங்க வர்றப்ப வாய் நிறைய, வயிறு நிறைய சாப்பாடு போடு. மனசு இளகினாத்தான் நான் பேச முடியும்."

"கவலைய விடுங்கம்மா! அவங்க நாக்கு எதுக்கு மயங்கும்னு எனக்குத் தெரியும்!"

எதுக்கு மயங்கும் என்று பெரியநாச்சி கேட்டிருக்கலாம். பாவம், குட்டிகளின் கவலையில் அவளுக்கு அது தோன்றவில்லை.

தை பிறந்தது. சரிவில் தினை முற்றித் தலை சாய்ந்து நின்றது. தினைப்புனத்துக்குக் காவல் கீச்சான் என்ற கிளி. காவலுக்குக் கிளியா என்று சிரிக்காதீர்கள்! முகில்மலையின் பழக்கம் அப்படி. புனத்தின் ஒரு மூலையை அறுக்காமல் கிளிகளுக்கு விட்டுவிடுவார்கள். தன் பங்கு தனக்கு உண்டு என்று தெரிந்த கிளி, மற்ற மூலையில் அலகு வைக்காது. வெளியூர்க் கிளிகளையும் விடாது. தேன் எடுத்தாலும் அப்படித்தான். அடையில் பாதி தேனீக்களுக்கு.

கீச்சான் பறந்து வந்தது. "அக்கா! தினை முத்திப்போச்சு. விருந்துக்குப் புதுசா இடிக்க வேண்டாமா?"

"விருந்துக்கா? தினையா? ஆத்தங்கரைக்காரங்க முன்னால என் மானத்தை வாங்காதே! பன்றிங்களை வச்சு அறுத்துக் குகையில கொட்டிட்டுப் போ!" என்று விரட்டினாள் தேனம்மை.

அவள் அரிசியை ஊறவைத்து அரைத்தாள். தவ்வுராயனை அடிவாரத்துக்கு விரட்டித் தேங்காய் கொண்டுவரச் செய்தாள். மாவைப் பானையில் ஊற்றி மூடி வைத்தாள். ஆற்றங்கரையில் மறுநாள் பார்த்தால் மாவு பொங்கிப் பானை வாய்க்கு வந்திருக்கும். இங்கே மறுநாள் மூடியைத் திறந்தாள். மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது!

தைப் பனியில், முகில்மலைக் குளிரில், மாவு எப்படிப் பொங்கும்?

தேனம்மை பானையை வைக்கோலில் புதைத்தாள். பொங்கவில்லை. பாறை வெயிலில் வைத்தாள். வெயிலையே காணோம். கடைசியில் பானையைத் தன் மயிரடர்ந்த வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்!

பெரியநாச்சி அந்தப் பக்கமாக வந்தாள். "என்னடி, பானையைக் குட்டி மாதிரி அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்லைம்மா... விருந்து வேலை" என்றாள் தேனம்மை. மாவுதான் பொங்கவில்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மருதப்பன், இரண்டு கொக்குகள், ஒரு கிழட்டு எருமை. மருதப்பன் தோளில் ஒரு தூக்குச் சட்டி. வழியில் சாப்பிடப் பழைய சோறும் நீர்மோரும். கீழே வெயிலுக்கு வயிற்றைக் குளிரவைக்கும் அமிர்தம் அது. அதையே மலையேறி, மூடுபனியில் உட்கார்ந்து, வழக்கம்போல் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார்கள்! அப்புறம் கேட்பானேன்?

"வாங்கண்ணே, வாங்க!" என்று பெரியநாச்சி தும்பிக்கையைத் தூக்கி வரவேற்றாள்.

"வந்தோம்... அச்!... வந்தோம்" என்றார் மருதப்பன். எருமை தும்மியது. அந்தத் தும்மலில் ஒரு கொக்கு பாறையிலிருந்து விழுந்தது.

இலை போட்டாயிற்று. தேனம்மை மாவைச் சட்டியில் ஊற்றினாள். ஓரம் விரியவில்லை. நடு உப்பவில்லை. சுரண்டி எடுத்தபோது வெள்ளை வரட்டி மாதிரி ஒன்று வந்தது. அதை இலையில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது!

மருதப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"ஆ... ஆப்பம்ங்க."

"ஆப்பமா! கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குகைக்குள் பார்த்தார். அரிசி மூட்டை கண்ணில் பட்டது. குவிந்து கிடந்த தேங்காயும் கண்ணில் பட்டது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓஹோ! சங்கதி இப்படிப் போகுதா?" அவர் விருட்டென்று எழுந்தார். "வழி தெரியாமத்தான் யானைங்க வயல்ல இறங்கிச்சுன்னு நினைச்சேன். இப்பத்தானே புரியுது! மலைக்கு எங்க அரிசி ருசி புடிச்சுப்போச்சு! நாக்கு ருசி கண்டா கால் சும்மா இருக்குமா? இன்னிக்கு மூட்டை, நாளைக்கு வயலு! கிளம்புங்கய்யா!"

பெரியநாச்சிக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே! ஒரு வாய் சாப்பிடாமப் போகாதீங்க!"

யாரை மயக்க ஆப்பம் செய்தாளோ, அவரையே அது பயமுறுத்திவிட்டது. தேனம்மை சிலையாக நின்றாள். சித்திரையில் சாகப்போகும் குட்டிகள் அவள் கண்முன் வந்தன. எல்லாம் தன்னால்தான் என்று நெஞ்சு வெந்தது.

மருதப்பன் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடிக்குள் தும்மல் அவரை மடக்கியது. அச்! அச்! அச்! உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அந்தத் தும்மலைக் கேட்டதும் தேனம்மையின் வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. கை தானாக ஓடியது. சுக்கைத் தட்டினாள். மிளகைப் பொடித்தாள். கொதிக்கக் கொதிக்கக் கஷாயம் வைத்துத் தேன் விட்டுக் கொடுத்தாள். யானைக் குட்டிகளுக்கென்று காலையில் இடித்து வைத்த புதுத் தினைமாவு அடுப்போரம் சூடாக இருந்தது. அதையும் தேனில் பிசைந்து, உருட்டி, அவர் கையில் திணித்தாள்.

"முதல்ல இதைத் தின்னுங்க. கோபத்தை அப்புறம் படுங்க!"

மருதப்பன் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் வைத்தார். கொக்குகள் கழுத்தை நீட்டின. எருமை வெட்கமில்லாமல் நாக்கையே நீட்டியது.

"இது என்னம்மா இது!"

"எங்க தினைதாங்க. வீட்டுச் சாப்பாடு. விருந்துக்கு வைக்கிறதில்ல."

"ஏன் வைக்கிறதில்ல? ஆப்பம் எங்க வீட்டுலயே தினம் இருக்கே! அதைத் தின்னவா மூச்சு வாங்க மலையேறி வந்தேன்? இதை எப்படிச் செஞ்ச?"

"நான் என்னங்க செஞ்சேன்? இது சரிவு. மழை பெஞ்சா தண்ணி நிக்காம ஓடிரும். நெல்லு போட்டா காஞ்சிரும். தினை அப்படியில்ல. ரெண்டு மழை போதும், கல்லுக்கு நடுவுலயும் நிமிர்ந்து நிக்கும். பாறையில தேனடை. ஓடையோரம் இஞ்சியும் மிளகும். குளிருக்குச் சூடா வறுத்து இடிக்கிறோம். அவ்வளவுதாங்க" என்றாள் தேனம்மை. சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆப்ப மாவு பொங்க வேண்டுமென்று பானையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக் கிடந்ததையும் சொல்லிவிட்டாள்.

மருதப்பன் கஷாயத்தை உறிஞ்சினார். "நாங்க மட்டும் என்ன பெருசாச் செய்யிறோம்? எங்க மண்ணுல தண்ணி நிக்குது, நெல்லு விளையுது. கரையெல்லாம் தென்னை. மாவைக் கரைச்சு வச்சுட்டுத் தூங்கிருவோம். பொங்க வைக்கிறது எங்க வெயிலு! அதைப் போயி இந்தக் குளிர்ல கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்தியா?"

குகையே சிரித்தது. தேனம்மையும் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அப்போது மூடுபனி கொஞ்சம் விலகியது. மருதப்பன் சரிவைப் பார்த்தார். அறுத்த புனத்தில் ஒரு மூலை மட்டும் அறுக்காமல் நின்றது. அது முழுக்கக் கிளிகள். மேலே பாறையில் பாதி வெட்டிய தேனடை.

"அதை ஏன் விட்டுட்டீங்க? மறந்துட்டீங்களா?"

கீச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மறக்கிறதா! அது எங்க பங்கு! மேல இருக்கிறது தேனீ பங்கு. ஒட்ட வெட்டினா தேனீ போயிரும். தேனீ போனா மலையில எந்தப் பூவு காய்க்கும்?"

"பெரியநாச்சிகூட அந்த மூலையில வாய் வைக்க மாட்டாங்களா?"

"பசியில கிடந்தப்பகூட வச்சதில்லங்க" என்றது கீச்சான்.

மருதப்பன் மறுபடி அந்த மூலையைப் பார்த்தார். அவருடைய கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது. எழுந்து பெரியநாச்சிக்கு எதிரே போய்க் கைகூப்பினார்.

"தாயி, தப்பா நினைச்சுட்டேன். கிளிக்கும் தேனீக்கும் பங்கு வச்சுத் தின்கிறவங்க அடுத்தவன் நாத்தங்காலை வேணும்னு மிதிக்க மாட்டாங்க. சித்திரையில குட்டிங்களோட வாங்க. வாழைத்தோப்பைச் சுத்தி, மருதமரத்துப் பக்கம் ஒரு துறை இருக்கு. எங்க கொக்குங்க முன்னால பறந்து வழி காட்டும்."

பெரியநாச்சி குட்டிகள் பக்கம் திரும்பினாள். தும்பிக்கையால் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போகும்போது மருதப்பன் ஒரு மூட்டை தினை கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சித்திரை வந்தது. சுனைகள் வற்றின. யானைகள் கொக்குகளின் பின்னால் வரிசையாக இறங்கின. ஒரு வாழைக்கன்றுகூடச் சாயவில்லை. குட்டிகள் ஆற்றில் விழுந்து புரண்டன. தேனம்மையும் கூடவே வந்திருந்தாள், நாக்கில் எச்சில் ஊற. ஆப்பத்தை நினைத்துக்கொண்டே அவள் மலையிறங்கி வந்திருந்தாள்!

மருதப்பன் தொங்கிய முகத்தோடு இலையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு உருண்டை.

"என்னண்ணே இது?"

"தினைமாவும்மா. உன் அளவுக்கு வரல" என்று தலையைச் சொறிந்தார் மருதப்பன். "ஆத்தோரச் சேத்துல விதைச்சேன், அழுகிப்போச்சு. மிச்சமிருந்த விதையும் புழுக்கத்துல பூசணம் பூத்துருச்சு. அதைத்தான் கழுவி இடிச்சேன். உன்னை மாதிரி சமையல்காரிக்கு எங்க ஆப்பத்தை எப்படி வைக்கிறது? கூச்சமா இருந்துச்சு..."

தேனம்மை அவரைப் பார்த்தாள். தை மாதத்துத் தேனம்மையே எதிரில் நிற்பதுபோல் இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உருண்டாள்!

"மருதப்பண்ணே! தினைமாவு தின்னவா நான் மலையிறங்கி வந்தேன்? அந்த மூலையில பாருங்க!"

மூலையில் ஆப்ப மாவுப் பானை இருந்தது. யாரும் கட்டிப்பிடிக்காமலே மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"சட்டிய அடுப்புல ஏத்துங்க!" என்றாள் தேனம்மை. தேக்கிலை மடிப்பைப் பிரித்து, தான் கொண்டுவந்த தேனில் பிசைந்த தினை உருண்டைகளை அவர் கையில் கொடுத்தாள்.

தன் மண்ணும் மழையும் வெயிலும் கொடுத்த உணவைப் பெருமையோடு பரிமாறத் தெரிந்தவரே, அடுத்தவர் உணவையும் அருமை அறிந்து உண்பார்.