பத்து நிமிஷம் நிற்கிற மெஷின்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தாறு, ஊட்டியில் ஏசி மெக்கானிக். சீடருக்குத்தான் வயது ஐம்பத்தொன்று. பெயர் மாசிலாமணி. இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

அவளை என்னவென்று கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தார். மேடம் என்றால் கர்னல் வீட்டம்மா ஞாபகம் வந்தது. கடைசியில் 'டீச்சர்' என்று வைத்துக்கொண்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

மாசிலாமணியிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த மெஷினில் எந்த எழுத்து மின்னினால் என்ன கோளாறு என்று சிவப்பு மையில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்.

ஜனவரி மாதம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில், ஏழு மணிக்கு முன்பே இருவரும் ஏரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வெயில் வந்த பிறகு கிளம்பியிருக்கலாமே, டீச்சர்?" என்றார் மாசிலாமணி. பல் தந்தியடித்தது.

"நமக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு ரெண்டு மெக்கானிக் வெயில் வந்த பிறகுதான் போனாங்க. அவங்க போன நேரம் மெஷின் நல்லா ஓடியிருக்கு. கேஸ் கம்மியா இருக்குன்னு சொல்லி ஏத்திட்டு வந்துட்டாங்க."

"கேஸ் கம்மியாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். விடியக்காலையில கெடுற மெஷினை விடியக்காலையில பாத்துட்டுச் சொல்லுவோம்."

சின்ன வீடு. உள்ளறையில் தணிகாசலம் என்ற பெரியவர், மூன்று கம்பளிக்குள் படுத்திருந்தார். எழுபத்து நாலு வயது. நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமாகிறது. அறை குளிரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரில் புது மெஷின், கோடையில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் தருகிற வகை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதிலிருந்து வந்த காற்றில் சூடு இல்லை.

"அம்மணி, பத்து மணிக்கு என் பொண்ணு கார் எடுத்துட்டு வர்றா," என்றார் பெரியவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ரூம் இப்படியே இருந்தா என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவா."

"நல்லதுதானே ஐயா? அங்கே குளிராது."

"கீழ போனா நான் திரும்ப மாட்டேன். எனக்குத் தெரியும். முடியறது இந்த வீட்டுலயே முடியட்டும்."

ஜெசிந்தா கையை நீட்டி மெஷின் காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியவரின் மனைவி கோமளவல்லி அம்மாள் ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தோடும் இன்னொரு கையில் மாத்திரை டப்பாவோடும் வந்தார். என்ன கோளாறு என்று மாசிலாமணி கேட்டார்.

"நல்லாத்தான் சூடு குடுத்துட்டு இருக்கும், தம்பி. திடீர்னு நின்னுடும். வெளியில இருக்குற பெட்டியிலிருந்து புகையாக் கிளம்பும். வாங்கின புதுசுல இந்த ரூம் அடுப்படி மாதிரி இருந்துச்சு. இப்ப நாளாக நாளாக சூடே இல்ல."

புகை என்று கேட்டதும் மாசிலாமணி பின்பக்கம் ஓடினார். வெளிப்பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். கருகல் வாசனை எதுவும் இல்லை. ஆனால் பெட்டியின் முதுகு முழுக்க விரல் கனத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது. வெயில் ஏறாத மூலை அது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"குத்தாதீங்க அண்ணா. உள்ள இருக்குற குழாய் ஓட்டையாயிடும்."

"அப்போ வெந்நீர் ஊத்திடுவோம்."

"ஊத்தினா இன்னிக்குக் கரையும். நாளைக்குக் காலையில ஊத்த நாம இருக்க மாட்டோம்."

"பத்து மணிக்குக் கார் வந்துடும், டீச்சர். என்னதான் செய்யிறது?"

"உக்காருவோம்."

சொன்னபடியே ஜெசிந்தா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ரொம்ப நாளாக மனசில் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்க இது நல்ல நேரமாகவும் இருந்தது.

"டீச்சர், இந்த மெஷின் வெளியில இருக்குற சூட்டை எடுத்து உள்ள விடுதுன்னு சொன்னீங்க. இந்தக் குளிர்ல வெளியில ஏது சூடு?"

"அந்தத் தொட்டித் தண்ணியில கை வெச்சுப் பாருங்க."

விரலை விட்டவர் உடனே உதறிக்கொண்டார். "ஐயோ, வெட்டுது!"

ஜெசிந்தா புல்லிலிருந்து உறைபனியை வழித்து உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க."

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கை சிவந்து, பிறகு மரத்தே போனது.

"இப்போ அதே தண்ணியில விடுங்க."

விட்டார். முகம் மாறியது. கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டார். "வெதுவெதுன்னு இருக்கு, டீச்சர்!"

"அந்தப் பெட்டிக்குள்ள ஓடுற கேஸ் உங்க கையில இருந்த பனியைவிடக் குளிர்ச்சி. அதுக்கு இந்தக் காத்தே சூடுதான்."

மாசிலாமணி மூன்றாம் தடவையாகக் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஐம்பத்தோரு வயதில் தொட்டித் தண்ணீரில் விளையாடுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை.

"அப்போ இந்த ஐஸ்?"

"அவ்வளவு குளிர்ந்த குழாய் மேல ஈரக்காத்து பட்டா ஐஸ் பிடிக்கத்தான் செய்யும். தினமும் பிடிக்கும். அதைக் கரைச்சுக்க மெஷினுக்கே தெரியும். இது மட்டும் ஏன் கரைச்சுக்கலைங்கறதுதான் எனக்கும் புரியல."

திறந்திருந்த பின்கதவு வழியாக வீடு தெரிந்தது. கோமளவல்லி அம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினார். வெந்நீர்ப் பையை நிரப்பிப் போய்ப் பெரியவர் காலடியில் வைத்தார். அவரை நிமிர்த்தி முதுகைத் தட்டிவிட்டார். எச்சில் பாத்திரத்தை எடுத்து வந்து கொட்டினார். நனைந்த துண்டை அலசிப் பிழிந்தார். இவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். தன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அந்த டீயில் ஆடை படிந்தது.

அப்போதுதான் மெஷின் நின்றது. உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிப்பெட்டியின் விசிறி ஓய்ந்து, ஐஸுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது.

"புகை!" என்று உள்ளேயிருந்து கோமளவல்லி அம்மாள் அலறினார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

எல்லாம் அடங்கியது. ஐஸ் அப்படியே இருந்தது.

ஜெசிந்தா எழுந்து உள்ளே போனாள். "எப்பவும் இப்படித்தான் அணைப்பீங்களாம்மா?"

"பின்னே? போன வருஷம் பழைய ஹீட்டர் அந்தத் திரையில பத்திக்கிச்சு. அவரால எழுந்து ஓட முடியுமா? அதுலேர்ந்து நான் ராத்திரியெல்லாம் ஜன்னலையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன். புகை தெரிஞ்சா அடுத்த நிமிஷம் அணைச்சிடுவேன்."

"அப்புறம் எப்போ போடுவீங்க?"

"பயம் தெளிஞ்சதும் போடுவேன்."

மாசிலாமணி நோட்டைப் புரட்டினார். இதற்கு எழுத்து எதுவும் அதில் இல்லை.

"அது புகை இல்லம்மா," என்றாள் ஜெசிந்தா. "மெஷின் வீட்டுக்குச் சூடு குடுக்கறதைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, அந்தச் சூட்டைத் தன் மேலயே விட்டுக்கும். மேல பிடிச்ச ஐஸ் கரையும். அப்போ வர்ற ஆவிதான் இது. பத்து நிமிஷம் விட்டா தானா வேலைக்கு வந்துடும்."

கோமளவல்லி அம்மாள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாசிலாமணிக்கும் அந்த மெஷினின் போக்குப் பிடிக்கவில்லை.

"நோயாளி குளிர்ல கிடக்கறப்போ இது வேலையை நிறுத்திட்டுத் தன்னைப் பாத்துக்குமா? நான் இருபத்து நாலு வருஷத்துல ஒரு நாள்கூட போஸ்டை விட்டு நகர்ந்ததில்ல, டீச்சர்."

ஜெசிந்தா ஐஸ் பிடித்த பெட்டியைக் கையால் காட்டினாள்.

சுவிட்சைப் போட்டார்கள். முக்கால் மணி நேரம் மெஷின் முக்கி முக்கி ஓடியது. மணி எட்டரையைத் தாண்டியபோது மறுபடி அந்த உஸ்ஸென்ற சத்தம் வந்தது. கோமளவல்லி அம்மாள் ஓடப் பார்த்தார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து, சுவிட்சுப் பக்கம் போகாமல் நேராகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். வெளிப்பெட்டிக்கு ஒரு முழத்தில் நிறுத்தினாள்.

"மோந்து பாருங்க."

கோமளவல்லி அம்மாள் பயந்துகொண்டே மூச்சை இழுத்தார். "வாசனையே இல்லையே."

"குனிங்க."

குனிந்தார். மூக்குக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. கழற்றித் தடவினால் விரலெல்லாம் தண்ணீர். "அட, இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி இருக்கு!" என்று சிரித்தார். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

"இப்போ வந்து உக்காருங்க. பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க."

பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு கோமளவல்லி அம்மாளை உட்கார வைத்தாள். அவர் கை சுவிட்சுக்குப் போகாமல் இருக்க அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அறை குளிர ஆரம்பித்தது. பெரியவர் இருமினார். மாசிலாமணி கடிகாரத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். வெளியே ஐஸ் ஒரு கட்டியாகப் பெயர்ந்து பொத்தென்று விழுந்தது.

"அம்மா, சத்தம் கேட்டுச்சா?" என்று மாசிலாமணி திரும்பினார்.

கோமளவல்லி அம்மாள் தூங்கிப்போயிருந்தார். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பாதீங்க," என்றார் பெரியவர். அவருக்கு இருமல் வந்தது. கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டு அடக்கினார்.

பத்தாவது நிமிஷம் மெஷின் தானாகவே வேலைக்கு வந்தது. முதல் சுற்றில் பாதி ஐஸ் கரைந்தது. அடுத்த சுற்றில் மீதியும் போய், பெட்டியின் முதுகு பளிச்சென்று தெரிந்தது. ஒன்பதே முக்காலுக்கு அறை அடுப்படி மாதிரி இருந்தது. பெரியவர் இரண்டு கம்பளியை உதறிவிட்டார். கோமளவல்லி அம்மாள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பத்து மணிக்கு மகள் தேன்மொழி டிரைவரோடு வந்து இறங்கினாள். ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். நடந்ததையெல்லாம் மாசிலாமணி அவளுக்கு ஒன்று விடாமல் சொன்னார். தொட்டித் தண்ணீரில் அவள் கையையும் விடச் சொல்லியிருப்பார், நேரம்தான் இல்லை.

"அப்போ அப்பா இங்கேயே இருக்கட்டும்," என்றாள் தேன்மொழி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்கடியில் ஈரம் கசிந்தது.

பேச்சுச் சத்தத்தில் விழித்த கோமளவல்லி அம்மாள் மெஷினையே பார்த்தார். எழுந்து போய் ஒரு பையில் நாலு புடவையை மடித்து வைத்தார்.

"வந்த கார் சும்மா போக வேண்டாம். நான் போறேன்," என்றார்.

"நீயாம்மா? அப்பாவை யார் பாத்துக்கறது?"

"நீதான் லீவு போட்டுட்டு வந்திருக்கியே. மாத்திரையெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். நான் உன் வீட்டுல போய்த் தூங்கணும், தேனு. ஒரு வருஷமாத் தூங்கல."

"கோமளம், என்னை விட்டுட்டா?" பெரியவர் தலையைத் தூக்கினார்.

"ஒரே வாரம். போனா திரும்ப மாட்டேன்னு சொன்னது நீங்க. நான் திரும்பி வருவேன்."

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோமளவல்லி அம்மாள் அவர் முதுகை ஒரு தடவை தடவிவிட்டு, பையோடு வெளியே வந்தார். டிரைவர் கதவைத் திறந்தார்.

மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை. மீசை துடித்தது.

"கிடக்கிற மனுஷனை விட்டுட்டுக் கிளம்பறாங்க, டீச்சர். ரெண்டே வார்த்தை பேசி இறக்கிடறேன்."

காரை நோக்கி எட்டு வைத்தவரின் சட்டையை ஜெசிந்தா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, சுவிட்சுல கை வைக்காதீங்க."