கல்லின் மேல் ஒரு பிடி மண்

ஏழு மலையும் ஓர் ஆறும் உள்ள ஒரு காட்டில், குழந்தைகளே, விலங்குகளுக்கென்று ஒரு மகாசபை இருந்தது. அது ஒரு பெரிய குகைக்குள் கூடும். ஒவ்வோர் ஊருக்கும் அங்கே ஒரு கல் உண்டு. அந்த ஊர் அனுப்பும் உறுப்பினர், தன் ஊர் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து கல்லின் மேல் பரப்பி மிதித்த பிறகே அதில் உட்காரலாம். அதுதான் பதவியேற்பு.

ஒரு முறை கருங்குன்று என்ற ஊர், கூரி என்ற சருகுமானை அனுப்பியது. முயல் அளவுதான் இருப்பாள். மண்ணைத் தேக்கிலையில் பொதிந்து வாயில் கவ்விக்கொண்டாள். போன முறை உறுப்பினராக இருந்த மயில் வழிகாட்டியது.

குகைக்குள் நுழைந்ததும் கூரியின் கால்கள் நின்றுவிட்டன. மேலே இருந்த பிளவு வழியே வெயில் இறங்கி, வட்டமாகக் கிடந்த கற்களின் மேல் விழுந்தது. புலியும் கரடியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் முறை வரும்வரை பேசாமல் காத்திருந்தன. இப்படியும் ஓர் இடம் உலகத்தில் உண்டா என்று அவளுக்குப் புல்லரித்தது.

கோடையில் ஆறு வற்றுவதால், கருங்குன்றின் சுனையை முழுவதும் ஆற்றங்கரை ஊருக்குத் திருப்பலாமா என்று அன்றுதான் முடிவெடுக்க இருந்தார்கள்.

கூரி தன் கல்லை நெருங்கியதும் ஆற்றங்கரை நரி எழுந்தது. "தலைவி அவர்களே, மேலே கிடக்கும் மண் யாருடையதோ, கல்லும் அவர்களுடையது. சட்டம் அதுதானே? இதில் கிடப்பது எங்கள் ஆற்றுமணல்."

தலைவியான யானை குனிந்து பார்த்தது. மணல்தான். "மயிலாரே, இது எப்படி வந்தது?"

மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டது. "எங்கள் மண் கரி மாதிரி இருக்கும், அம்மா. இவ்வளவு பெரிய சபையில் அதைப் பரப்பக் கூச்சமாக இருந்தது. வரும் வழியில் ஆற்றில் ஒரு பிடி அள்ளிக்கொண்டேன்."

"பிறகென்ன, சருகுமான் வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றது நரி.

கல் போனால் சுனையும் போகும். கோடையில் குன்றின் குட்டிகளுக்கு நாக்கு நனைக்கத் தண்ணீர் இருக்காது. அவள் இலையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?"

"பாரம்மா."

குளம்பால் மெல்லச் சுரண்டினாள். மணல் ஒரு விரற்கடைதான் இருந்தது. அதற்குக் கீழே கருமண், அடுக்கடுக்காக எட்டு. ஓர் அடுக்கில் சாம்பல் கலந்திருந்தது. குன்றில் காட்டுத்தீ பிடித்த ஆண்டு அது. இன்னொன்றில் நெல்லிக்கொட்டை ஒன்று புதைந்திருந்தது. கூரி பிறக்கும் முன்பே எட்டுப் பேர் இங்கே வந்து, குன்றுக்காக நின்றிருக்கிறார்கள்.

"அதெல்லாம் பழைய கதை" என்றது நரி.

"ஒரு பிடி மணல் போட்டால் எட்டுப் பேர் இல்லை என்று ஆகிவிடுமா?" என்றது யானை. "மணலைத் துடைத்துவிட்டு உன் மண்ணைப் பரப்பம்மா."

கூரி பரப்பி மிதித்தாள். வீட்டு வாசலில் நிற்பதுபோல் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"கருங்குன்று உறுப்பினரே, சுனையைப் பற்றி உங்கள் ஊர் என்ன சொல்கிறது?"

அவளுடைய சின்னக் குரல் கேட்கவேண்டும் என்று புலிகூடத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"பாதித் தண்ணீர் தருகிறோம். மீதி எங்கள் குட்டிகளுக்கு."

சபை அப்படியே முடிவு செய்தது.

நீதி: தன்னை அனுப்பியவர்களை நினைத்து வெட்கப்படுபவன், அவர்களுடைய இடத்தையே பறிகொடுப்பான்.