வெள்ளித் துடுப்பு யாருக்கு?

இந்தக் கதையில் மூன்று பேர் ஒரு பரிசுக்கு அடித்துக்கொள்கிறார்கள். மூவரையும் எனக்குப் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வெறுப்பைப் பார்த்து நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததை வைத்துச் சொல்லுங்கள்.

நெடுந்துறை என்ற ஊரிலிருந்து ஆற்றின் அக்கரைக்குப் போகப் பரிசல்தான் வழி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அக்கரையில் யாராவது துணியை வீசிக் கூப்பிட்டால், அன்றைக்கு முறை யாருடையதோ அவன்தான் பரிசலை எடுக்க வேண்டும். அவனால் முடியாவிட்டால் தன் துடுப்பை இன்னொருவன் கையில் கொடுக்கலாம்; முறை கைமாறிவிடும். கொடுக்காவிட்டால் வேறு எந்தப் பரிசலும் நகரக் கூடாது. சவாரிக்காகச் சண்டை வராமல் இருக்க எப்போதோ ஏற்படுத்தியது. நல்ல வழக்கம்தான்.

அக்கரை நாட்டில் போர் மூண்டது. தோற்றுக்கொண்டிருந்த அரசன் பழி போட ஆள் தேடினான், சாயக்காரர்கள் கிடைத்தார்கள். ஆற்றில் நஞ்சைக் கலந்து படையைக் கொன்றது அவர்கள்தான் என்று முரசறையச் செய்தான். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அவுரிச் சாயம் ஏறிய கை எத்தனை கழுவினாலும் நீலமாகவே இருக்கும். சிப்பாய்கள் கையைப் பார்த்தார்கள், வெட்டினார்கள்.

மருக்கொழுந்து அப்படி ஒரு சாயக்காரி. ஒரு நண்பகலில் அவளும் தங்கை செண்பகமும் தெருக்காரர்களோடு ஆற்றங்கரைக்கு ஓடிவந்தார்கள். நீலத் துணியை வீசித் தொண்டை வறளக் கூப்பிட்டார்கள். எதிர்க்கரையில் பரிசல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆட்களும் தெரிந்தார்கள். ஒரு பரிசலும் நகரவில்லை, கூட்டம் மட்டும் சேர்ந்தது. நாவல் மரத்தடியில் சிலர் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்ததையும் மருக்கொழுந்து பார்த்தாள்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு காலிச் சாயப்பானை. கவிழ்த்துப் பிடித்துக்கொண்டால் ஒருவர் மிதக்கலாம்.

"நீ போய்ப் பரிசலைக் கூட்டிக்கிட்டு வாக்கா. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள் செண்பகம்.

மருக்கொழுந்து பானையோடு இறங்கினாள். கரைக்குப் பக்கத்தில் அவள் தளர்ந்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த சடையாண்டி துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டான். அன்றைக்கு முறை அவனுடையது. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, என் தங்கச்சி அங்க நிக்கிறா. பரிசலை எடுங்க."

"பரிசல் தோலுக்கு எண்ணெய் போட்டிருக்கேம்மா, இன்னும் காயல" என்றான் அவன்.

அவன் துடுப்பையும் கைமாற்றவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், சாயக்காரர்களுக்குப் பரிசல் அனுப்பியவன் என்று தன் பெயர் வரும் என்ற பயம். பக்கத்தில் குமரேசன் நின்றான். அவன் பரிசல் தண்ணீரில் தயாராகக் கிடந்தது, அவன் துடுப்பு அவன் தோளிலேயே இருந்தது. "முறையைக் குடுங்கண்ணே, நான் போறேன்" என்று சடையாண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி அழுதான். துறைத் தலைவர் பொன்னரசு வந்தார். "வழக்கத்தை மீற முடியாது. உக்காந்து பேசுவோம்" என்றார்.

உட்கார்ந்தார்கள். பேசினார்கள். வெற்றிலைகூடப் போட்டார்கள், த்தூ! பேச்சு முடிவதற்குள் அக்கரையில் குதிரைகள் வந்துவிட்டன. செண்பகம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வதை மருக்கொழுந்து இங்கிருந்தே பார்த்தாள். அதற்கப்புறம் நடந்ததையும் பார்த்தாள். மரத்தடியில் இருந்தவர்கள் மெல்வதைக் கொஞ்சம் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

"அங்க யாராவது வந்தாங்களா?" என்று ஒரு சிப்பாய் கத்தினான்.

"யாரும் வரல" என்று பொன்னரசு பதில் கத்தினார். குமரேசன் தன் தலைப்பாகையை அவிழ்த்து மருக்கொழுந்தின் மேல் போர்த்தி மறைத்தான்.

போர் முடிந்தது. இரு கரைக்கும் புதிய அரசி வந்தாள். நெடுந்துறைக்கு ஒரு வெள்ளித் துடுப்பு கொடுத்தனுப்பினாள். அன்றைக்குச் சாயக்காரர் ஒருவரையாவது இக்கரை சேர்த்தவருக்கு அது சொந்தம். அதை வைத்திருப்பவர் முறைக்குக் காத்திருக்காமல் எப்போதும் பரிசல் எடுக்கலாம். கரையில் கிடக்கும் எந்தப் பரிசலையும் எடுக்கலாம்.

மூன்று பேரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். யாரோ ஒருவர் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்த மருக்கொழுந்தைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார்கள். கூச்சம் என்று ஒன்று இருந்தால் கூப்பிட்டிருப்பார்களா?

"நான் துடுப்பை நீட்டலேன்னா இவ ஆத்தோட போயிருப்பா" என்றான் சடையாண்டி.

"நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இவ தலை இருந்திருக்காது" என்றார் பொன்னரசு.

"போகணும்னு நெனச்சவன் நான் ஒருத்தன்தான். இந்த ஊரே பாக்க அழுதேன்" என்றான் குமரேசன்.

அரசியின் அதிகாரி துடுப்பை மருக்கொழுந்தின் நீலக் கையில் வைத்தார். "நீயே உரியவர்கிட்ட குடும்மா."

சொல்லுங்கள், இந்தத் துடுப்பு யாரைச் சேர வேண்டும்?

விடை: உங்களில் பலர் குமரேசன் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். அவனிடம் மருக்கொழுந்து சொன்னது இது: "நீங்க அழுததை நானும் பாத்தேண்ணா. அழுத நேரத்துக்குப் போயிட்டு வந்திருக்கலாம்." அரசி கேட்டது ஒரு சாயக்காரரை இக்கரை சேர்த்தவரை. அன்றைக்கு அந்த ஆற்றைக் கடந்தது ஒரு பானைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சாயக்காரியைக் கரை சேர்த்தவள் மருக்கொழுந்து. அவள் துடுப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. "பொம்பளை பரிசல் ஓட்டுற வழக்கம் இல்லையே" என்று பொன்னரசு ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் வாங்காமல், எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்த சடையாண்டியின் பரிசலைத் தண்ணீரில் தள்ளி ஏறினாள். இங்கேயே நிற்கிறேன் என்று தங்கை சொன்ன இடத்துக்குப் போனாள். கரையில் கூட்டம் அன்றைக்கும் நின்று வேடிக்கை பார்த்தது.