மூக்காயியும் இலுப்பைப் பூவும்

ஒரு மலைக்காட்டில் மூக்காயி என்று ஒரு கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். மூத்தது பாழுங்கிணற்றில் விழுந்து, “அம்மா! அம்மா!” என்று கத்திக் கத்தியே செத்துப்போனது. பாவம், மேலே நின்ற மூக்காயியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மிச்சம் இருந்தது சின்னக்குட்டி சுருளிதான். அதைச் சதா முதுகில் சுமந்தே திரிந்தது.

ஒருநாள் தன் சிநேகிதி முள்ளம்பன்றியிடம் போனது.

“நெஞ்சை அடைக்குது அக்கா! அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல. கொஞ்ச நேரம் இங்க உக்காந்து அழட்டுமா?”

“அட போடி! நீயே இப்படி உடைஞ்சா சின்னதை யாரு பார்க்கிறது? மனசைத் திடமா வச்சுக்கோ, போ!”

மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியது. வழியில் ஒரு பாறைக்குழி. அதில் இலுப்பைப் பூக்கள் விழுந்து, ஊறிப் புளித்துக் கிடந்தன. வயிறு முட்டத் தின்றது. தலை கிறுகிறுத்தது. காதில் கேட்ட சத்தம் நின்றது!

“அப்பாடா!” என்று தூங்கிப்போனது.

விழித்தால் அதே சத்தம், முன்னைவிடப் பலமாக! மறுபடி குழிக்கு ஓடியது. தினமும் ஓடியது.

“குடிகாரி வர்றா, வழி விடுங்கடா!” என்று மரத்து மந்திகள் கெக்கலித்தன. சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது இதில்? அந்த அவமானத்துக்கும் சேர்த்து இன்னும் அதிகமாகத் தின்றது மூக்காயி.

ஒரு மத்தியானம் தள்ளாடி நடந்தபோது, சுருளி பிடி நழுவிக் கீழே விழுந்தது. புதருக்குள் சிறுத்தை!

“அம்மா! நில்லும்மா!”

மூக்காயிக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால், செத்த பிள்ளையின் குரல் என்றே நினைத்துவிட்டது.

“சும்மா இரு! உன்னை மறக்கத்தானே இதைத் தின்னு தொலைக்கிறேன்!” என்று கத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது.

போதை தெளிந்து முதுகைத் தடவியபோது, அங்கே ரோமம்தான் இருந்தது.

விஷயம் கேட்டு முள்ளம்பன்றி அலறிக்கொண்டு ஓடிவந்தது. “ஐயோ, மூக்காயி! அழுடி! நல்லா அழு! நான் பக்கத்திலேயே இருக்கேன்!”

மூக்காயியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எழுந்து, பாறைக்குழியை நோக்கி நடந்துபோனது.

துக்கத்தோடு வருகிறவரை அன்றைக்கே அழவிட்டு, கூடவே உட்கார்ந்திருங்கள். போதையில் விழுந்த பிறகு ஏசுவதும் சிரிப்பதும் யாரையும் காப்பாற்றாது.